பழைய காருக்கு ரிமோட் லாக் கிட்: மோட்டார் பாஸ், கூட வரும் வயர் பெயில்

சென்ட்ரல் லாக் இல்லாமல் வந்த பழைய காருக்கு வெளியில் வாங்கிப் பொருத்தும் நான்கு கதவு கிட்டுகள் எந்தப் பெயரில் விற்றாலும், பெட்டியைத் திறந்தால் கண்ணில் படுவது ஏறக்குறைய ஒன்றுதான். நான்கு மோட்டார், ஒரு கன்ட்ரோல் யூனிட், ஒரு ரிமோட் ரிசீவர், இரண்டு ரிமோட், வரிசையாகத் துளையிட்ட தகடுகள், மெல்லிய இரும்புக் கம்பிகள், அவற்றை இணைக்கும் சிறு கிளாம்ப்கள், ஒரு கட்டு வயர். சில வருடம் ஓடியதும் ஒரு கதவு திறக்காது, இல்லை ரிமோட் பக்கத்தில் போனால்தான் வேலை செய்யும், இல்லை நடு ராத்திரியில் தானாகவே டக் டக் என்று பூட்டித் திறக்கும். உடனே "கிட் போயிடுச்சு, புதுசு போடணும்" என்ற தீர்ப்பு வந்துவிடும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? மோட்டார் இந்தக் கிட்டிலேயே உருப்படியான பாகம். மட்டமானது வயரும், தகடும், பொருத்திய விதமும். புதுக் கிட் வாங்கி அதே வயரில், அதே தகட்டில் மாட்டினால் அதே கோளாறு திரும்பி வரும்.

ஆகவே இந்த விமர்சனம் பெட்டியில் உள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி மார்க். எது நிலைக்கும், எது முதலில் போகும், போனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் விஷயம்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஒரு கண்ணாடியை முழுக்க இறக்கி வைத்துவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். கோளாறான லாக் எப்போது பூட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. டிரைவர் கதவின் லாக் குமிழைக் கையால் அழுத்துங்கள், பிறகு தூக்குங்கள். மற்ற மூன்று கதவும் கூடவே பூட்டித் திறந்தால் கன்ட்ரோல் யூனிட், பியூஸ், எர்த், கதவு வயர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. குறை ரிமோட் பக்கம் மட்டும். கையால் அழுத்தினாலும் ஒன்றும் அசையவில்லை என்றால் டாஷ்போர்டுக்குக் கீழே காது வையுங்கள். யூனிட்டுக்குள் கரன்ட்டால் இயங்கும் சுவிட்சான ரிலேயின் கிளிக் சத்தம் கேட்டும் கதவு அசையவில்லை என்றால் மோட்டாருக்குப் போகும் வழியில் எங்கோ தடை. கிளிக்கும் இல்லை என்றால் யூனிட்டுக்குக் கரன்ட் வரவில்லை, அல்லது டிரைவர் கதவிலிருந்து சிக்னல் வரவில்லை. ஒரே ஒரு கதவு மட்டும் அசையவில்லை என்றால் யூனிட்டைத் தொடவே வேண்டாம், அந்தக் கதவோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் நான்கு டோர் பேடையும் (கதவின் உள்பக்க மூடி) கழற்றுகிறவர்கள்தான் அதிகம். பழைய காரில் டோர் பேட் கிளிப் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் இரண்டு உடையும்.

மோட்டார்: நல்ல மார்க்

கிட்டில் இரண்டு வகை மோட்டார் வரும். டிரைவர் கதவுக்கானதில் ஐந்து வயர், மற்ற மூன்றில் இரண்டே வயர். வழக்கமாகப் பச்சையும் நீலமும் மோட்டாருக்கு; ஐந்து வயர் மோட்டாரில் கூடுதலாகக் கறுப்பு, வெள்ளை, பிரவுன் மூன்றும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன சுவிட்சுக்கு. கறுப்பு எர்த். கம்பி மேலே போகும்போது வெள்ளை, பிரவுன் இரண்டில் ஒன்று எர்த்தைத் தொடும், கீழே வரும்போது இன்னொன்று தொடும். யூனிட் அதைப் பார்த்துத்தான் மற்ற கதவுகளை இயக்குகிறது. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம் என்பதால் இணைக்கும் முன் மல்டிமீட்டரின் பீப் முறையில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் அமைப்பு) ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மோட்டார் செத்ததா என்று அறிய அதைக் காரிலிருந்து முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை. கம்பியின் கிளாம்பைத் தளர்த்திவிட்டு, பச்சை நீல வயர்களைக் கழற்றி, 10 ஆம்பியர் பியூஸ் வழியாகப் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரன்ட் கொடுங்கள். அரை நொடி தொட்டு எடுத்தால் போதும். பிறகு பிளஸ் மைனஸை மாற்றித் தொடுங்கள். தண்டு முழு நீளமும் படாரென்று வெளியே வந்து உள்ளே போனால் மோட்டார் நன்று. சுற்றும் சத்தம் மட்டும் வந்து தண்டு நகரவில்லை என்றால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது, சரி செய்ய முடியாது. சத்தமே இல்லாமல் வயர் மட்டும் சூடானால் மோட்டார் இறுகிவிட்டது. ஒரு மோட்டார் போனதற்காக நான்கையும் மாற்றத் தேவையில்லை, இரண்டு வயர் மோட்டார்கள் தனியாகவே கிடைக்கும். ஐந்து வயர் மோட்டாரை எந்தக் கதவிலும் இரண்டு வயராகவே பயன்படுத்தலாம். மாறாக இரண்டு வயர் மோட்டாரை டிரைவர் கதவில் போட்டால் கையால் பூட்டும்போது மற்ற கதவுகள் பின்தொடராது.

தண்டின் ஓட்டம் சுமார் 2 செ.மீ. இந்த 2 செ.மீ. முழுவதும் தடையில்லாமல் கிடைத்தால்தான் உள்ளே இருக்கும் சுவிட்ச் இரண்டு முனையிலும் சரியாகத் தட்டும். இதை மறந்து பொருத்தியதன் விளைவுதான் அடுத்து வரும் மிகப் பெரிய தலைவலி.

தகடும் கம்பியும்: பெயிலுக்குப் பக்கத்தில்

பூட்டினால் உடனே திறந்துகொள்கிறது, திறந்தால் பூட்டிக்கொள்கிறது, சில நேரம் நாலைந்து முறை தடதடவென்று ஆடி நிற்கிறது. இந்தக் கோளாறுக்கு யூனிட் மாற்றியவர்கள் ஏராளம். காரணம் பெரும்பாலும் டிரைவர் கதவு மோட்டார் நின்றிருக்கும் இடம். காரின் லாக் கம்பி 14 மி.மீ. தான் நகரும், மோட்டார் தண்டு 20 மி.மீ. நகரப் பார்க்கிறது என்று வையுங்கள். தண்டு ஒரு பக்க முனையை அடையாமல் நடுவிலேயே நின்றுவிடும். பல்ஸ் (யூனிட் கொடுக்கும் அரை நொடிக் கரன்ட்) முடிந்ததும் லாக்கின் ஸ்பிரிங் அதைச் சற்றே பின்னுக்குத் தள்ளும். அந்தச் சின்ன அசைவை உள்ளே இருக்கும் சுவிட்ச் "யாரோ கையால் திறக்கிறார்கள்" என்று புரிந்துகொண்டு யூனிட்டுக்குச் சொல்லும். யூனிட் எல்லாக் கதவையும் திறக்கும். பிறகு அதே கூத்து மறுபக்கம்.

சரி செய்யும் முறை: கிளாம்பைத் தளர்த்துங்கள். காரின் லாக் கம்பியை அதன் ஓட்டத்தின் சரியான நடுவில் நிறுத்துங்கள். மோட்டார் தண்டையும் அதன் ஓட்டத்தின் நடுவில் நிறுத்துங்கள். இரண்டும் நடுவில் இருக்கும்போது கிளாம்பை இறுக்குங்கள். இவ்வளவுதான். அதற்கும் அடங்கவில்லை என்றால் இணைப்புப் புள்ளியை மாற்ற வேண்டும். லாக் பொறிமுறையில் எந்த இடம் அதிக தூரம் நகர்கிறதோ அங்கே கம்பியைப் பிடியுங்கள். தற்காலிகமாக வெள்ளை, பிரவுன் வயர்களை யூனிட்டிலிருந்து பிரித்துப் பார்த்தால் நோய் உறுதியாகும்: பிரித்ததும் ரிமோட்டில் தடதடப்பு நின்றுவிட்டால் குற்றவாளி டிரைவர் கதவு மோட்டாரின் பொருத்தம் அல்லது அதன் சுவிட்ச்.

அடுத்தது தகடு. கிட்டில் வரும் துளையிட்ட தகட்டைக் கையால் வளைக்க முடிகிறது என்றால் மோட்டாராலும் வளைக்க முடியும். மோட்டார் கம்பியைத் தள்ளுவதற்குப் பதிலாகத் தன்னையே பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும். வெளியிலிருந்து கேட்டால் டப் என்று நல்ல சத்தம் வரும், ஆனால் குமிழ் பாதி வழியில் நிற்கும். பேடைக் கழற்றி, ரிமோட்டை அழுத்தும்போது மோட்டாரின் உடல் அசைகிறதா என்று கண்ணால் பாருங்கள். அசைந்தால் தகட்டை இரட்டையாகப் போடுங்கள், அல்லது மோட்டாரை நேரடியாகக் கதவின் உள் தகட்டில் இரண்டு இடத்தில் திருகுங்கள். திருகு போடும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கிப் பார்த்துவிடுங்கள். மேலே இருக்கும்போது காலியாகத் தெரியும் இடத்தில்தான் கண்ணாடி வந்து உட்காரும்.

மோட்டார் தண்டும் காரின் லாக் கம்பியும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் விசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் வீணாகும், சாவி போட்டுத் திருப்பும்போதும் கனமாக இருக்கும். கிட் பொருத்திய பிறகு சாவி கனத்துவிட்டது என்றால் கிளாம்பைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். இலகுவானால் பொருத்தம் தவறு. அப்போதும் கனமாகவே இருந்தால் லாக்கே காய்ந்துபோயிருக்கிறது, துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் போடுங்கள். துரு இளக்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடித்துவிட்டு விட்டால் பழைய கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும், சில வாரத்தில் முன்னைவிட மோசமாகும்.

கிளாம்பில் இருக்கும் சின்னத் திருகு கதவு அடிக்கும் அதிர்வில் தளரும். இறுக்கும்போது ஒரு சொட்டு திருகுப் பசை போட்டால் வருடக்கணக்கில் தொல்லை இல்லை.

வயர்: பெயில்

இந்தக் கிட்டின் உண்மையான பலவீனம் இதுதான். வயர் மெல்லியது, உள்ளே இழைகள் குறைவு, மேல்தோல் குளிரில் விறைத்துவிடும். வயர் எங்கே உடையும் என்று தேட வேண்டியதில்லை. கீல் பக்கம், கதவுக்கும் பாடிக்கும் நடுவில்தான் உடையும். கதவு ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அதே இடத்தில் மடங்குகிறது. தொழிற்சாலையிலிருந்தே சென்ட்ரல் லாக்கோடு வரும் கார்களில் அந்த இடத்தில் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் இருக்கும். பழைய காரில் துளையே இருக்காது. பொருத்துகிறவர் பாடியிலும் கதவிலும் நேருக்கு நேர் துளை போட்டு வயரை இழுத்துவிடுவார். நேருக்கு நேர் இருந்தால் வயர் ஒரே புள்ளியில் கூர்மையாக மடியும். ஒரு துளையைவிட இன்னொன்று சில செ.மீ. மேலோ கீழோ இருந்தால் வயர் மடியாமல் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு நெடுநாள் தாங்கும். துளையின் விளிம்பில் ரப்பர் கிராமட் (விளிம்பை மூடும் வளையம்) இல்லாவிட்டால் தகடு கத்தி போல் வயரைச் சீவி, ஒருநாள் பியூஸை அடித்துவிடும்.

உடைவு பெரும்பாலும் வெளியே தெரியாது. மேல்தோல் முழுதாக இருக்கும், உள்ளே செம்பு துண்டாகியிருக்கும். கதவு பாதி திறந்திருக்கும்போது வேலை செய்து மூடியதும் நின்றுபோனால், அல்லது நேர்மாறாக இருந்தால், இதுதான். ஒருவர் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருக்க இன்னொருவர் கதவை மெல்ல ஆட்டினால் எந்தக் கோணத்தில் துண்டிக்கிறது என்று பிடிபடும். வயரைச் சந்தேகப்படும் இடத்தில் இரு பக்கமும் பிடித்து மெல்ல இழுங்கள். செம்பு அறுந்திருந்தால் அந்த இடம் மட்டும் ரப்பர் போல் நீளும்.

இங்கே மல்டிமீட்டர் ஏமாற்றும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இருபது இழையில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் ஏறக்குறைய கரன்ட் எதையும் இழுப்பதில்லை. மோட்டார் சில ஆம்பியர் இழுக்கும்போதுதான் அந்த ஒற்றை இழை கைவிடும். அதற்கு 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைச் சால்டர் செய்து ஒரு டெஸ்ட் லேம்ப் கட்டிக்கொள்ளுங்கள். மோட்டார் பிளக்கைக் கழற்றி பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் பல்பை வைத்து ரிமோட்டை அழுத்துங்கள். பூட்டும்போதும் திறக்கும்போதும் பளிச்சென்று மின்ன வேண்டும். மங்கலாக மின்னினால் வழியில் வோல்டேஜ் நஷ்டம். பல்ஸ் அரை நொடிதான் என்பதால் டிஜிட்டல் மீட்டரில் எண் ஓடி மறைந்துவிடும், பல்புதான் இந்த வேலைக்கு ஏற்றது.

பழுது பார்க்கும்போது உடைந்த இடத்தில் மட்டும் முடிச்சுப் போட்டு டேப் சுற்றாதீர்கள். இருபக்கமும் வெட்டி, நடுவில் 20 செ.மீ. அளவுக்கு நிறைய இழை கொண்ட, நெளியும் வயரைப் புதிதாகப் போடுங்கள்; சிலிக்கான் மேல்தோல் உள்ளது கிடைத்தால் மிகவும் நல்லது. இணைப்புகள் இரண்டும் மடங்கும் இடத்துக்கு வெளியே, ஒன்று கதவுக்குள், ஒன்று பாடிக்குள் இருக்க வேண்டும். சால்டர் செய்த இடம் விறைப்பாக இருக்கும், மடங்கும் இடத்தில் வந்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி உடையும். ஒவ்வொரு வயரின் இணைப்பையும் சற்று முன்பின்னாக வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். வயரை அறுக்காமல் அப்படியே கவ்வும் நீலநிறப் பிளாஸ்டிக் கிளிப்புகள் பொருத்துகிறவருக்கு வேகம், காருக்குச் சாபம். ஈரம் ஏறி உள்ளே பச்சை பூத்துவிடும். எங்கே பார்த்தாலும் வெட்டி எறியலாம்.

கதவுக்குள் தண்ணீர் வருவது இயல்பு. கண்ணாடி வழியாக வழிந்து அடியில் உள்ள துளைகளில் வெளியேறும். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் அந்தத் தண்ணீரைத் தடுக்கத்தான் இருக்கிறது. கிட் பொருத்தியவர் அதைக் கிழித்துப் போட்டிருந்தால் கனமான பாலிதீனை வெட்டி ஒட்டுங்கள், கீழ்விளிம்பு கதவின் உள்பக்கம் சொருகி இருக்கட்டும். மோட்டாருக்குப் போகும் வயர் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேறினால் தண்ணீர் வயர் வழியாக மோட்டாருக்குள் இறங்காது.

கரன்டும் எர்த்தும்

நான்கு மோட்டாரும் ஒரே நேரத்தில் முட்டி நிற்கும் அந்த அரை நொடியில் 15 ஆம்பியரையும் தாண்டி இழுக்கும். யூனிட்டின் சிவப்பு வயரை ரேடியோ வயரிலோ சிகரெட் லைட்டர் வயரிலோ கோத்திருந்தால் அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்து யூனிட் தானே மயங்கி விழும். ஒரு பக்கம் வேலை செய்து மறுபக்கம் செய்யாமல் போகும். பேட்டரியிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரிக்கு அருகிலேயே 15 ஆம்பியர் பியூஸ், அதே தடிமனில் பெயின்ட் சுரண்டிய பாடித் தகட்டில் எர்த். டாஷ்போர்டுக்குள் ஏதோ ஒரு பிளாஸ்டிக் தாங்கியைப் பிடித்திருக்கும் திருகில் எர்த் கட்டிய கிட்டுகள் இருக்கின்றன, சிரிக்க வேண்டாம்.

இன்ஜின் ஓடும்போது நான்கு கதவும் நன்றாகப் பூட்டி, நிறுத்திய பிறகு தடுமாறினால் மோட்டாரை விட்டுவிடுங்கள். ஓடும்போது 14 வோல்ட் இருக்கும், நிறுத்தினால் நல்ல பேட்டரியில் 12.6. அந்த வித்தியாசத்தைக்கூடத் தாங்காத நிலை என்றால் பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது வயரில் நஷ்டம்.

கன்ட்ரோல் யூனிட்: ஒரு திசையில் மட்டும் போனால்

பூட்டுகிறது, திறக்கவில்லை. அல்லது திறக்கிறது, பூட்டவில்லை. நான்கு கதவிலும் அப்படித்தான். இது யூனிட்டின் ரிலே. விளக்கம் எளிது. யூனிட்டில் இரண்டு ரிலே. சும்மா இருக்கும்போது பச்சையும் நீலமும் இரண்டுமே எர்த்தில் உட்கார்ந்திருக்கும். பூட்ட ஒரு ரிலே இழுத்து ஒரு வயருக்கு 12 வோல்ட் கொடுக்கும். கரன்ட் மோட்டார் வழியாகப் போய் இன்னொரு ரிலேயின் ஓய்வு முனை (ரிலே இழுக்காதபோது தொட்டிருக்கும் முனை) வழியாக எர்த்துக்குத் திரும்பும். திறக்கும்போது எதிர்த்திசை. ஆகவே ஒரு திசை செத்தால் ஒன்று இழுக்கும் ரிலேயின் முனை கருகியிருக்கும், அல்லது மற்ற ரிலேயின் ஓய்வு முனை கருகியிருக்கும். யூனிட்டைக் கழற்றி, கரன்ட் இல்லாமல் பச்சைக்கும் எர்த்துக்கும், நீலத்துக்கும் எர்த்துக்கும் ஓம் பாருங்கள். இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். எது இல்லையோ அந்த ரிலேயின் ஓய்வு முனை போயிற்று. சால்டர் தெரிந்தவருக்கு 12 வோல்ட் ரிலே மாற்றுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன் போர்டின் அடியில் ரிலே கால்களைச் சுற்றி வட்டமாக விரிசல் இருக்கிறதா பாருங்கள். பல நேரம் மறுபடி சால்டர் தொட்டாலே உயிர் வரும்.

ரிலே முனை ஒட்டிக்கொண்டால் அது வேறு விதமான ஆபத்து. அந்த வயரில் 12 வோல்ட் நிரந்தரமாக நிற்கும், நான்கு மோட்டாரும் முட்டிய நிலையிலேயே கரன்ட் இழுத்துக்கொண்டு இருக்கும். கதவில் கை வைத்தால் வெதுவெதுப்பு, பிளாஸ்டிக் தீயும் வாடை, காலையில் பேட்டரி காலி. பியூஸை உடனே பிடுங்குங்கள். மெதுவாகப் பேட்டரி வடிகிறது என்ற சந்தேகம் இருந்தால், மைனஸ் வயரைக் கழற்றி மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக வைத்து, கார் முழுக்க அடங்கும்வரை காத்திருந்து பாருங்கள். பழைய காரில் மொத்தமே 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருக்க வேண்டும். கிட்டின் பியூஸைப் பிடுங்கியதும் எண் விழுந்தால் ஆசாமி அகப்பட்டான்.

திசை மாறிய குழப்பங்களுக்கு யூனிட்டைத் திறக்கவே வேண்டாம். ஒரு கதவு மட்டும் எதிராக ஓடினால் அந்தக் கதவின் பச்சை நீலத்தை மாற்றுங்கள். டிரைவர் குமிழை அழுத்த மற்றவை திறந்தால் வெள்ளை பிரவுனை மாற்றுங்கள். கையால் சரியாக இருந்து ரிமோட்டில் மட்டும் எதிராக இருந்தால் ரிமோட் ரிசீவரின் இரண்டு சிக்னல் வயரை மாற்றுங்கள்.

ரிமோட் பகுதி: பாதுகாப்புக்கு மார்க் குறைவு

இரண்டு ரிமோட்டும் ஒரே நாளில் செத்தால் ரிமோட்டைக் குறை சொல்லாதீர்கள், ரிசீவர் பக்கம் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் ரிமோட். செல் 12 வோல்ட் 23ஏ அல்லது 27ஏ வகையாக இருக்கும், தட்டையான ரிமோட்டில் 3 வோல்ட் சிஆர்2032 அல்லது சிஆர்2016. அழுத்தும்போது சிவப்பு லைட் எரிகிறது, ஆகவே செல் நன்று என்று நினைப்பது தவறு; லைட் எரியப் போதுமான சக்தி தூரம் போகப் போதாது. புது செல் போட்டும் தூரம் குறைவு என்றால் செல்லைப் பிடிக்கும் பித்தளை நாக்கை மெல்ல வளைத்து அழுத்தம் கூட்டுங்கள், பொத்தானின் கரும் ரப்பரையும் போர்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள்.

ரிசீவரில் ஆன்டெனாவாக ஒரு ஒற்றை வயர் தொங்கும். 433.92 மெகாஹெர்ட்ஸுக்கு அதன் சரியான நீளம் சுமார் 17 செ.மீ., 315 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 24. பொருத்துகிறவர் அழகுக்காக அதை மற்ற வயரோடு சேர்த்துக் கட்டியிருப்பார் அல்லது "மிச்ச வயர்" என்று வெட்டியிருப்பார். பிரித்து, இரும்புத் தகட்டிலிருந்து தள்ளி, நேராக மேல்நோக்கி டாஷ்போர்டின் ஓரமாக ஒட்டுங்கள். இதில் மட்டுமே தூரம் பல மடங்கு கூடும் கார்கள் உண்டு. அப்படியும் சில நேரம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் சிகரெட் லைட்டரில் சொருகிய மலிவு மொபைல் சார்ஜரையும் டேஷ்கேம் அடாப்டரையும் பிடுங்கிவிட்டு அழுத்திப் பாருங்கள். அவை கிளப்பும் ரேடியோ இரைச்சலில் ரிமோட்டின் குரல் அமுங்கிவிடும்.

பல ரிசீவர்களுக்கு இக்னிஷன் வயர் ஒன்று உண்டு. வண்டி ஆனில் இருக்கும்போது ரிமோட்டைக் கண்டுகொள்ளாமல் இருக்க அது. அந்த வயர் தவறுதலாக நிரந்தர 12 வோல்ட்டில் மாட்டப்பட்டிருந்தால் ரிமோட் எப்போதும் செத்ததாகவே தெரியும். சாவியை எடுத்த பிறகு அந்த வயரில் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள். கதவு சுவிட்ச் வயர் இன்னொன்று: ரிமோட்டில் திறந்து, குறிப்பிட்ட நொடிக்குள் கதவு திறக்கப்படாவிட்டால் தானாகப் பூட்டும் வசதிக்கானது. உள்விளக்கை எரியவிடும் அந்தக் கதவு சுவிட்ச் துருப்பிடித்தால் யூனிட்டுக்குக் கதவு திறந்ததே தெரியாது; சாவியை உள்ளே வைத்துவிட்டு இறங்கினவர் முன்னால் கார் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

இண்டிகேட்டர் மின்னும் வசதியைக் கேட்டு மாட்டியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரிசீவரில் இண்டிகேட்டருக்கு ஒரே ஒரு வயர்தான் இருந்தால், இடது வலது இரண்டையும் அதில் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் இடது பக்கம் போட நான்கும் மின்னும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு டயோடு, அதாவது கரன்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம், வேண்டும். ஒரு பக்கம் இரண்டு 21 வாட், ஒரு 5 வாட் பல்ப் என்றாலே சுமார் 4 ஆம்பியர் வரும், ஆகவே கடையில் கையில் கொடுக்கும் 1 ஆம்பியர் 1என்4007 முதல் மாதமே வெந்துவிடும். 6 ஆம்பியர் டயோடு போடுங்கள்.

ரிமோட் தொலைந்து புதிது வாங்கும்போது வடிவத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பழையதைத் திறந்து உள்ளே அதிர்வெண்ணும் சிப் பெயரும் பாருங்கள். 315 ரிசீவரில் 433 ரிமோட்டை எத்தனை முறை பதிவு செய்ய முயன்றாலும் ஏறாது. சிப்பில் இவி1527 என்று இருந்தால் அது மாறாத ஒரே குறியீட்டை அனுப்பும் வகை. 20 பிட் எண், சுமார் 10 லட்சம் சேர்க்கைகள். பக்கத்தில் நின்று ஒருமுறை பதிவு செய்தால் அதே சிக்னலை மறுபடி ஒலிபரப்பித் திறந்துவிடலாம். ஹெச்சிஎஸ்301 போன்ற சிப்புகள் ஒவ்வொரு அழுத்தலிலும் குறியீட்டை மாற்றும். பழைய பதிவு மறுமுறை செல்லாது. கிட்டின் விலையில் இந்த ஒன்றுக்குத்தான் கூடக் கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. மோட்டார், யூனிட், வயர் எல்லாம் சரியாக இருந்து ரிமோட் மட்டும் மாறாக் குறியீடு என்றால் ரிசீவரையும் ரிமோட்டையும் மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம், கதவு எதையும் திறக்க வேண்டியதில்லை.

அப்படி மாற்றும்போது இரண்டே கவனம். புது ரிசீவரில் ஒவ்வொரு ரிலேக்கும் மூன்று வயர் வரும்: நடு முனை, ஓய்வு முனை, இழுத்தால் சேரும் முனை. பழைய யூனிட் எர்த் பல்ஸ் கேட்கும் வகை (வயர் சற்று நேரம் எர்த்தைத் தொட்டால் இயங்குவது) என்றால் நடு முனைகள் இரண்டையும் எர்த்தில் கட்டி, இழுத்தால் சேரும் முனைகளை வெள்ளை பிரவுனில் இணைத்தால் முடிந்தது. ஓய்வு முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி விட்டுவிடுங்கள். எந்த நிறம் எந்த முனை என்பதை ரிசீவருக்குக் கரன்ட் கொடுக்காமல் பீப் முறையில் பாருங்கள்: சும்மா இருக்கும்போது பீப் தரும் இரண்டும் நடு, ஓய்வு, மூன்றாவது நமக்கு வேண்டியது. அந்த இரண்டில் நடு எது என்று, பிறகு ரிசீவருக்குக் கரன்ட் கொடுத்து ரிமோட்டை அழுத்தி மூன்றாவதோடு சேரும்போது தெரிந்துவிடும். இரண்டாவது கவனம் பல்ஸ் நேரம். போர்டில் 0.5 நொடி, 3.5 நொடி என்று மாற்றும் ஒரு ஜம்பர் (ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) இருக்கலாம். 3.5 என்பது நீண்ட நேரம் காற்றுப் பம்பால் பூட்டும் பழைய சொகுசுக் கார்களுக்கானது. மின் மோட்டார் கிட்டில் ஜம்பர் 0.5 இல் இருக்க வேண்டும்; 3.5 இல் விட்டால் ஒவ்வொரு பூட்டலிலும் மோட்டார் மூன்று நொடி சும்மா முட்டிக்கொண்டு நின்று பல்லைத் தேய்க்கும்.

கடைசியாக டிரைவர் கதவின் சாவித்துளை. ரிமோட் வந்த பிறகு அதில் யாரும் சாவி போடுவதில்லை. உள்ளே காய்ந்து இறுகிப்போகும். பேட்டரி செத்த அன்று ரிமோட்டும் இல்லை, சாவியும் திரும்பாது. மாதம் ஒருமுறை சாவியால் பூட்டித் திறந்து, வருடத்துக்கு இரண்டு முறை கிராஃபைட் தூள் போடுங்கள், எண்ணெய் வேண்டாம்.